மதியழகன் குளித்துக்கொண்டிருக்கிறான்

மறுபடியும் தண்ணியைத் திறந்துட்டான். குளிக்கட்டும், குளிக்கட்டும், எவ்வளவு நேரம்தான் குளிப்பான்னு நானும் பாக்குறேன். நான் கேட்டைத் திறக்கும்போது ஜன்னல்ல தலை தெரிஞ்சுது, சட்டை போட்டு, தலை வாரி, டீ கிளாஸும் கையுமா ஜம்முன்னு நின்னான். செருப்பைக் கழட்டிட்டு நான் உள்ள காலை வைக்கிறதுக்குள்ள ஆளைக் காணோம், டீ மட்டும் ஜன்னல் திண்டுல ஆவி பறக்க நிக்குது. ரேணுகா பாவம், பொய் சொல்லத் தெரியாத பொண்ணு, "அவரு குளிக்கிறாருக்கா"ன்னு தரையைப் பாத்துச் சொல்றா. இப்பதானடி தலை சீவிட்டு நின்னான்னேன். "ஆமாக்கா, இது ரெண்டாவது"ன்னு சொல்லிட்டு வாயைப் பொத்திக்கிட்டா. எனக்குச் சிரிப்புத் தாங்கல. சொந்தக் கொழுந்தன், என் வீட்டுக்காரரோட கூடப் பொறந்த ஒரே தம்பி, கல்யாணமாகி நான் இந்தக் குடும்பத்துக்கு வந்தப்போ மீசை கூட ஒழுங்கா முளைக்காத பய, என் கையால எத்தனை தோசை தின்னிருப்பான், இன்னைக்கு என்னைக் கண்டதும் பாத்ரூமுக்குள்ள ஓடித் தாழ்ப்பாள் போடுறான். எல்லாம் இந்தக் கைப்பையைப் பாத்துத்தான். அண்ணியா வந்தா டீ, இன்சூரன்ஸ் ஏஜெண்டா வந்தா குளியல். சரி, நான் எங்க போகப்போறேன், ஃபேன் ஓடுது, நாற்காலி இருக்கு, சனிக்கிழமை, எம்பொண்ணு ஓவியாவுக்குப் பள்ளிக்கூடமும் இல்ல, எங்க எதிர்த்த வீட்டுப் பிள்ளைங்களோட விளையாடிக்கிட்டு இருப்பா. உக்காந்தே இருப்பேன்.

ஒளியுறது இந்தக் குடும்பத்து ரத்தத்துலயே இருக்கு. இவங்கண்ணன் இருந்தாரே என் வீட்டுக்காரரு, இளவழகன், அவரு இன்சூரன்ஸ் ஏஜெண்டு கலியமூர்த்தி அண்ணனைப் பாத்தா கம்பத்து மேல ஏறிடுவாரு. நெசமாத்தான். அழகு சவுண்ட் சர்வீஸ்னா துறையூர்ச் சுத்துப்பட்டுல தெரியாதவங்க கிடையாது, கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம், எதுவா இருந்தாலும் ஸ்பீக்கர் குழாயும் சீரியல் லைட் செட்டும் எங்களுதுதான், அண்ணனும் தம்பியும்தான் கம்பம் ஏறுவாங்க. ஒரு மார்ச் மாசம், கலியமூர்த்தி அண்ணனுக்குப் பாலிசி கணக்கு முடிக்கணும், குடையும் கையுமா காளிகோயில் வாசலுக்கே வந்துட்டாரு. இவரு மேலே குழாய் கட்டிக்கிட்டு இருக்காரு. "இளவழகா, கீழ இறங்கு, ஒரு கையெழுத்துதான்." "வேலை இருக்குண்ணே." வேலை எப்பவோ முடிஞ்சுபோச்சு, சும்மா கம்பத்தைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு மேலயே நிக்கிறாரு. அவரும் விடல, பக்கத்துக் கடையில வாழைக்காய் பஜ்ஜி வாங்கி, கம்பத்தடியில குடையை விரிச்சு நின்னுக்கிட்டே தின்னுருக்காரு. கடைசியில பஜ்ஜி வாசனை பொறுக்காம என் மனுஷன் இறங்கிட்டாராம். கலியமூர்த்தி அண்ணன் பொண்ணு கல்யாணத்துக்கு மைக் செட் நம்மளுது, பதிலுக்கு இவரு பேர்ல ஒரு பாலிசின்னு பேச்சு முடிஞ்சு, எண்ணெய்க் கையோட கையெழுத்துப் போட்டுட்டு வந்தாரு. வீட்டுக்கு வந்து சொன்னதும் நான் ஆடின ஆட்டம்! ஃப்ரிட்ஜுக்கு மாசத் தவணை கட்ட முடியாதுன்னீங்களே, செத்தா வர்ற பணத்துக்கு இப்ப கட்டப் போறீங்களான்னு கேட்டேன். என்ன வார்த்தை அது. வாயில வசம்பை வச்சுத் தேய்க்கணும். அவரு சிரிச்சுக்கிட்டே, "ஃப்ரிட்ஜ்ல என்னத்தடி வைக்கப்போற, பழைய குழம்பைத்தானே"ன்னாரு.

தண்ணி நின்னுடுச்சு. வர்றானா? இல்ல, சோப்புப் போடுறான் போல. ரெண்டாவது குளியலுக்கு ரெண்டாவது சோப்பு. ரேணுகா வெங்காயம் உரிச்சுக்கிட்டே என் முகத்தைப் பாக்குறா, கீழ குட்டிப்பய அகரன் தவழ்ந்து வந்து என் கைப்பை வாரைப் பிடிச்சு இழுக்குறான், இழுடா இழு, உங்கப்பனை விட நீ தேவலை, நீயாவது பக்கத்துல வர்ற. இவனுக்குப் பல்லு முளைக்கிற நேரம், எச்சில் ஒழுகுது, என் சேலை முந்தானை பூரா ஈரம். இவனுக்காகத்தான் வந்தேன். அதை எப்படிச் சொல்றது உள்ள குளிக்கிறவன்கிட்ட? பங்குனி பொறந்தாச்சு, இனிமே ஆடி வரைக்கும் ஊருக்கு ஊர் திருவிழா, மதி தரையில நிக்கிற நேரத்தை விடக் கம்பத்துல நிக்கிற நேரம்தான் ஜாஸ்தி, இன்னைக்கு மத்தியானமே பச்சமலை அடிவாரத்துல ஒரு கோயிலுக்கு லோடு போகுது. அதுக்கு முன்னாடி கையெழுத்து வாங்கிடணும்னுதான் விடிஞ்சதும் விடியாததுமா பஸ் பிடிச்சேன். அங்க போய் இவன் ஏறுவான், காத்தடிக்கும், கம்பம் ஈரமா இருக்கும், கீழ யாரோ ஒரு அவசரக்காரன் சுவிட்சை... வேணாம். அதை நினைக்காதே கோகிலா. ஃபேனைப் பாரு. ஃபேன்ல எவ்வளவு ஒட்டடை. இந்த ரேணு ஒட்டடை அடிக்க மாட்டாளா, இவ மாமியார் இருந்திருந்தா விட்டிருப்பாங்களா.

நினைக்காம இருக்க முடியுதா. ஈரக் கம்பத்துலதான் அவரும் போனாரு. உப்பிலியபுரம் பக்கம், மழை பெஞ்சு ஓய்ஞ்ச காலையில, சீரியல் செட்டை அவுக்கிறதுக்கு ஏறினவரு. நான் வீட்டுல இட்லிக்கு ஊத்திக்கிட்டு இருந்தேன். போன் வந்துச்சு. அவ்வளவுதான், அதுக்கு மேல அந்தக் காலையை நான் தொட மாட்டேன். அவரு உசுரோட இருக்குற காலையைத்தான் தொடுவேன். எந்த ஊருக்கு மைக் கட்டினாலும் சோதனைக்கு "ஹலோ ஹலோ"ன்னு எல்லாரும் சொல்வாங்கல்ல, இவரு சொல்ல மாட்டாரு. பக்கத்து ஊரா இருந்தா, காத்து நம்ம பக்கம் அடிச்சா, "கோகிலா, சாப்பிட்டியா, கோகிலா, சாப்பிட்டியா"ன்னு நாலு குழாயிலயும் கத்துவாரு. சந்தைக்குப் போனா கத்திரிக்காய்க்காரி கூட, என்ன கோகிலா, சாப்பிட்டியான்னு கேப்பா. மானம் போகும். எனக்கு வெளிய கோபம், உள்ளுக்குள்ள அப்படி ஒரு சந்தோஷம். பணம் வந்தப்புறம் எங்க தெருவுல ஒருத்தி சொன்னாளாம், புருஷன் போனாலும் அவளுக்கு யோகம் பாருன்னு. அடிப்பாவி. அந்தப் பணத்தை அப்படியே மூட்டையா திருப்பிக் குடுத்துடுறேன், ஒரே ஒரு தடவை அந்த நாலு குழாயும் என்னைச் சாப்பிட்டியான்னு கேக்கட்டும், சொல்லு பாப்போம்.

ஆனா அந்தப் பணம் என்ன பண்ணுச்சுன்னு எனக்குத்தான் தெரியும். பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு, பந்தி எடுத்து, எல்லாரும் வட்டமா உக்காந்தாங்க. எங்க பக்கத்துல அது வழக்கம், எண்ணெய் தேச்சு முழுகின கையோட, இனி இவளை யார் பாத்துக்கிறதுன்னு பேசி முடிச்சிட்டுத்தான் சொந்தக்காரங்க பஸ் ஏறுவாங்க. நான் அடுப்படிச் சுவரோரமா உக்காந்திருக்கேன். என்னைப் பத்தித்தான் பேச்சு, என்கிட்டப் பேச்சு இல்ல. பெரிய மாமா சொல்றாரு, குழாய், பெட்டி, ஆம்ப்ளிஃபயர் எல்லாத்தையும் வித்துடலாம், இது நாமக்கல்லுக்கு அண்ணன் வீட்டோட போகட்டும், பொண்ணை ஏதாவது விடுதியில சேத்துவிடலாம். "இது"ன்னா நான். எங்கண்ணன் பொண்டாட்டி முகம் போன போக்கைப் பாக்கணுமே, அவ மேல தப்பில்ல, ரெண்டு ரூம் வீடு. மதி தலையைத் தொங்கப்போட்டு உக்காந்திருக்கான், பெட்டியை வித்தா அவனுக்கும் பொழப்பு போச்சு, ஆனா அண்ணி பங்கைக் கேட்டு எப்படிப் பேசுறதுன்னு வாயே திறக்கல. அப்பத்தான் வாசல்ல குடை தெரிஞ்சுது. கலியமூர்த்தி அண்ணன் உள்ள வந்து, மோர் வாங்கிக் குடிச்சு, வாயைத் துடைச்சுக்கிட்டு, "இளவழகன் ஒரு ஏற்பாடு பண்ணிட்டுத்தான் போயிருக்கான். பணம் கோகிலா பேருக்கு வரும். மூணு மாசத்துக்கு ஒரு தடவைன்னு மூணு பிரீமியம்தான் கட்டியிருக்கான், முழுசும் வரும்"னாரு. அதே பெரிய மாமா, அதே வாய், சுவர்ப் பக்கம் திரும்பி, "நீ என்னம்மா நினைக்கிற?"ன்னு கேட்டாரு. எனக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்துச்சு. அதுவரைக்கும் அழவே நேரம் இல்லாம இருந்துச்சு, அடுத்த மாசம் என்ன, ஓவியா ஃபீஸுக்கு என்னன்னே தலைக்குள்ள ஓடிக்கிட்டு இருந்துச்சு. அன்னைக்குத்தான் என் புருஷனுக்காக மட்டும் அழுதேன். அழுது முடிச்சு, மூக்கைச் சிந்தி, ஒரு பெட்டியும் விக்க வேணாம், மதி நடத்தட்டும், நான் எங்கயும் போகல, எம்பொண்ணு என்கூடத்தான் இருப்பான்னேன்.

அதை மதி மறக்கல. அதனாலதான் என் முகத்துக்கு நேரா முடியாதுன்னு சொல்ல வரல அவனுக்கு, பாத்ரூமுக்குள்ள போயிடுறான். இங்க வாளியை உருட்டுறான் பாரு, வேலை நடக்குதாம். எனக்குத் தெரியும் அவன் பயம் என்னன்னு. ரேணுகா போன வாரம் போன்ல சொல்லிட்டா. "அண்ணன் கையெழுத்துப் போட்டான், எட்டு மாசத்துல போயிட்டான், நானும் போடணுமாடி"ன்னானாம். எட்டு மாசம். இதைக் கேட்டதுலருந்து பல்லு இடுக்குல பாக்கு மாட்டின மாதிரி உறுத்திக்கிட்டே இருக்கு. இவங்கப்பா யாரு தெரியுமா, கட்சிக்காரரு, பகுத்தறிவு பேசுறவரு, பிள்ளைங்க ரெண்டு பேருக்கும் நல்ல தமிழ்ப் பேரா வச்சவரு, பூனை குறுக்க போனா வேணும்னே பின்னாடியே நடப்பாரு. அவரு பெத்த பிள்ளை பேனாவுக்குப் பயப்படுது. கலியமூர்த்தி அண்ணன் கிட்டப் பாலிசி போட்டவங்க எத்தனை பேரு நல்லா குத்துக்கல்லாட்டம் இருக்காங்க, வயசாகிப் பணம் வாங்கி வீடு கட்டினவங்க இல்லையா, அதையெல்லாம் எட்டு மாசமாவா எண்ணினோம்? அவரு போனது மழையால, ஈரத்தால. பேனாவாலயா? இல்லவே இல்ல. இல்லதான். ஆனா நான் கைநீட்டி வாங்கிட்டுப் போன கையெழுத்துக்கு அப்புறம் இவனுக்கு ஏதாவது ஒண்ணுன்னா? ரேணுகா என்னை எப்படிப் பாப்பா? கையெழுத்து வாங்காமப் போயி ஏதாவது ஒண்ணுன்னா? அப்ப எப்படிப் பாப்பா? அந்தப் பக்கம் போனாலும் அதே பார்வை, இந்தப் பக்கம் போனாலும் அதே பார்வை. நேத்தெல்லாம் இதையேதான் சுத்திச் சுத்தி நினைச்சேன், புளியைக் கரைச்சு வச்சிட்டு ரசம் வைக்கவே மறந்துட்டேன்.

அதுலயும் நான் யாரு? பொட்டு சின்னதாப் போயிட்ட பொம்பளை. போன மாசம் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணி ஏஜெண்டானேன், கம்ப்யூட்டர்ல எழுதுற பரீட்சை, மௌஸைப் பிடிக்கத் தெரியாம அது ஒரு பக்கம் நான் ஒரு பக்கம் ஓடினோம், எப்படியோ பாஸ். முதல் நாள் ஒரு வீட்டுக்குக் காலையில போனா, அந்தம்மா பொண்ணு பாக்கக் கிளம்பிக்கிட்டு இருக்காங்க, என்னைப் பாத்ததும் கேட்டை மெதுவா சாத்திட்டாங்க. மெதுவாத்தான், சத்தம் கூட வரல. எனக்குச் சுருக்குனு இருந்துச்சு, பஸ் ஸ்டாப்புல நின்னு ரெண்டு சொட்டு விட்டேன், அப்புறம் எனக்கே சிரிப்பு வந்துச்சு, அவங்க கேட்டைச் சாத்தினா நான் மறுநாள் சாயங்காலம் போனேன், மூணாம் நாளும் போனேன், இப்ப அந்தம்மாவே மகனுக்கு ஒண்ணு போடணும்னு போன் பண்றாங்க. கலியமூர்த்தி அண்ணன் சொல்லுவாரு, "இந்தப் பணமெல்லாம் எங்க கிடைக்கப் போகுதுன்னு எல்லாரும் என்கிட்ட கேப்பாங்க, உன்கிட்ட மட்டும் எவனும் கேக்க முடியாதும்மா." உண்மைதான். ஊருல யாரு வேணும்னாலும் போடட்டும், போடாம போகட்டும். எனக்கு இந்த ஒருத்தன்தான் வேணும். இவனுக்கு ஒண்ணுன்னா, அந்த வட்டத்துல சுவரோரமா ரேணுகா உக்காந்திருக்கக் கூடாது, "இது எங்க போகும்"னு எவனும் இவளைப் பாத்துப் பேசக் கூடாது. அவ்வளவுதான் எனக்கு.

தாழ்ப்பாள் சத்தம். வந்துட்டான். லுங்கியும் துண்டுமா, தலையிலருந்து தண்ணி சொட்ட, விரலெல்லாம் ஊறிச் சுருங்கிப்போயி நிக்குறான். "வாங்கண்ணி, எப்ப வந்தீங்க?" நடிப்பைப் பாரு. "நீ முதல் குளியல் குளிச்சப்பவே பஸ் ஏறிட்டேன்"னேன். ரேணுகா முந்தானையை வாயில வச்சுக் குலுங்குறா. அவனும் சிரிச்சுட்டான், சிரிச்சா அப்படியே அண்ணன். எதிர்ல உக்காந்தான். நான் பையிலருந்து ஃபார்மை எடுத்தேன். அவன் பயந்துக்கிட்டு என்னென்ன சொல்லுவானோ எல்லாத்துக்கும் பதில் யோசிச்சு வச்சிருக்கேன், காசு இல்லம்பான், அடுத்த மாசம்பான், எட்டு மாசம்பான். அவன் துண்டால காதைத் துடைச்சுக்கிட்டே, "அண்ணி, உங்க பேர்ல எவ்வளவுக்கு இருக்கு?"ன்னான்.

எனக்குப் புரியல. என் பேர்லயா? "எனக்கு எதுக்குடா?"ன்னேன். சொன்னதும் என் காதுலயே அது விழுந்துச்சு. ஊரு பூரா என்கிட்டச் சொல்ற அதே வார்த்தை. எனக்கு எதுக்கு, நான் நல்லாத்தானே இருக்கேன், எனக்கு எதுக்கு, வீட்டுல இருக்குறவ. "இல்ல, ஓவியாவுக்கு நீங்க மட்டும்தானே இருக்கீங்க, அதான் கேட்டேன்"னான். கிண்டலா கேக்கல, நெசமாவே தெரியாமத்தான் கேட்டான். அடக் கடவுளே. ஊருக்கெல்லாம் ஆம்பளை பேரைத்தானே எழுதுறேன். எந்த வீட்டுக்குப் போனாலும் "சார் இருக்காங்களா"ன்னுதான் கேக்குறேன், சார் பேரு, சார் வயசு, சார் சம்பளம். என் வீட்டுல சார் நான்தான்னு எனக்கே தோணலையே. எம்பொண்ணு யாரோட வட்டத்துல, எந்தச் சுவரோரமா உக்காருவா? "நீங்க போடுங்க, நானும் போடுறேன், பயந்தா சேர்ந்தே பயப்படுவோம்"னு சொல்லிட்டு மதி ஃபார்மை என் பக்கமே தள்ளினான்.

பேனாவை எடுத்தேன். பேரு, பொறந்த தேதி, தொழில். தொழில்ங்கிற இடத்துல ஏஜெண்டுன்னு எழுதும்போது கொஞ்சம் பெருமையாத்தான் இருந்துச்சு. கடைசியில கையெழுத்து. இந்தப் பங்குனியிலருந்து எண்ணினா சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி, ஆவணி, புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை. கார்த்திகையில ஓவியாவுக்கு அரைப் பரீட்சை நெருங்குமே. சீ, இது என்ன கணக்கு. ஆளாளுக்குத் தைரியம் சொல்ற வாயி, இப்ப மாசம் எண்ணுது. இதைத்தான் இவன் வாளி வாளியா தலையில ஊத்திக்கிட்டு உக்காந்திருந்தானா, தெரியாம சிரிச்சுட்டேனே. மதியும் ரேணுகாவும் என் கையையே பாக்குறாங்க. போட்டேன். போட்டு முடிச்சு நிமிர்ந்தேன். மூணு பேரும் என்னமோ நடக்கப்போற மாதிரி அப்படியே உக்காந்திருந்தோம். ஒண்ணும் நடக்கல. அகரன் தும்மினான். ரேணுகாதான் முதல்ல சிரிச்சா, அப்புறம் மதி, அப்புறம் எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு.

"ஓவியாவுக்கு வயசு பத்தலை, பணம் வந்தா அவளுக்காக வாங்கி வச்சுக்க ஒரு பெரியவங்க பேரு போட்டு, அவங்க கையெழுத்தும் வேணும்"னேன். "இதென்ன கேள்வி, நான்தானே"ன்னு பட்டுனு பேனாவைப் பிடுங்கிப் போட்டுட்டான், பயமும் இல்ல ஒண்ணும் இல்ல. போட்டுட்டு, "அப்ப இதுக்காக நான் எவ்வளவு நாள் இருக்கணும் அண்ணி?"ன்னான். "அவளுக்குப் பதினெட்டு முடியிற வரைக்கும் கண்டிப்பா இருந்தாகணும், அதுக்கப்புறம் உன் பொண்டாட்டிகிட்டக் கேட்டுக்க"ன்னேன். "என்கிட்டக் கேட்டா விடவே மாட்டேன்"னா ரேணுகா, வெங்காயத்தைச் சாக்கு வச்சுக் கண்ணைத் துடைச்சுக்கிட்டு. மதி அவளைப் பாத்தான், அகரனைப் பாத்தான், அப்புறம் நான் கேக்காமலே இன்னொரு ஃபார்மை இழுத்து முழங்கால் மேல வச்சுக்கிட்டான். நாமினிங்கிற இடத்துல ரேணுகான்னு எழுதினான். கையெழுத்துக்கு வந்தான். பேனா காகிதத்தைத் தொடப்போகுது. "ஏய் இரு இரு, மதி, போடாத!"ன்னு கத்திட்டேன். பதறிப்போயி நிமிர்ந்தான். "சனிக்கிழமைடா, இப்ப ராகு காலம். பத்தரை வரைக்கும் பொறு."

அவன் என்னையே பாத்தான். "அண்ணி, இப்ப நீங்க போட்டீங்களே, அப்ப?"

"அது என்னுதுடா"ன்னேன்.

சிரிப்பான்னு நினைச்சேன். சிரிக்கல. கண்ணு ரெண்டும் கலங்கிப்போச்சு அவனுக்கு. "உங்களுக்கு ஆகுற ராகு காலம் எனக்கும் ஆகும்"னு சொல்லிட்டு, நான் கையைப் பிடிக்கிறதுக்குள்ள போட்டுட்டான்.